செயலாளர் ஆண்டறிக்கை: டாமி லாட்டன் பதிவேடு

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்ற பொதுக்குழு ஒப்படைத்த வேலை, இங்கிலாந்துக் கால்பந்து அணியின் சென்டர் ஃபார்வர்டு (கோலடிக்கும் நடு முன்கள வீரர்) டாமி லாட்டனின் ஆட்டக் கணக்கைச் சீர்செய்வது. அது முடிந்துவிட்டது. 1919இல் பிறந்தவர், 16 வயதில் பர்ன்லி கிளப்புக்கு லீக் ஆட்டம், எவர்ட்டன் கிளப்போடு 1938-39 லீக் பட்டம். அதுவரை சிக்கலில்லை.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும், முதல் டிவிஷனில் மூன்று ஆட்டங்களோடு சீசன் ரத்தானது. அவை அதிகாரபூர்வ லீக் கணக்கில் சேரா. ஆனாலும் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் விடுகிறார்கள். மொத்தம் ஒத்துவரவில்லை என்றால் முதலில் இங்கேதான் பாருங்கள்.

அடுத்த வம்பு, விருந்தாளி ஆட்டம். ஒப்பந்தங்கள் நிறுத்திவைக்கப்பட்டதால், படைப்பணி எங்கேயோ அந்தப் பக்கத்துக் கிளப்புக்கு ஆடலாம். ராணுவ உடற்பயிற்சிப் பிரிவிலிருந்த லாட்டன் ஆல்டர்ஷாட்டுக்கு ஆடியது அப்படித்தான். 1940 கிறிஸ்துமஸ் அன்று காலையில் லிவர்பூலை எதிர்த்து எவர்ட்டனுக்காக ஆடினார். பிற்பகலில் குரூ அணியை எதிர்த்து டிரான்மியருக்காக! நாளுக்கு ஒரு வரி என்று போட்டால் ஒன்று விடுபடும். எனவே தேதியோடு கிளப் பெயரையும் சேர்த்தே பதிந்திருக்கிறோம்.

தேசிய அணிக் கணக்கில்தான் அதிகம் தவறுகிறார்கள். அதிகாரபூர்வம் 23 ஆட்டம், 22 கோல். போர்க்கால ஆட்டங்களும் 23தான், கோல் 24. ஒரே எண் இருமுறை வருவதைப் பார்த்து யாரும் ஒன்றை அடித்துவிட வேண்டாம். 1943இல் மான்செஸ்டரில் ஸ்காட்லாந்தை 8-0 என்று வென்றபோது லாட்டன் அடித்த நான்கு கோலும் போர்க்கால வகை. 1939 மே மாதம் புகாரெஸ்டில் ருமேனியாவோடு ஆடியபின், அவருடைய அடுத்த அதிகாரபூர்வ ஆட்டம் 1946 செப்டம்பரில் பெல்பாஸ்டில். அப்போது வயது 26.

போர்க்கால ஆட்டத்தையும் அதிகாரபூர்வ ஆட்டத்தையும் பிரிக்கும் கோட்டை 1945இல் போட்டாலும் தப்பு. போர் வெற்றியைக் கொண்டாட 1945-46இல் தேசிய அணிகள் ஆடிய ‘விக்டரி’ ஆட்டங்கள் அதிகாரபூர்வமல்ல. அதே பருவத்தில் கிளப்புகள் ஆடிய எஃப்.ஏ. கோப்பை அதிகாரபூர்வம், லீக் மட்டும் 1946-47இல்தான் திரும்பியது. ஆகவே ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனி எல்லை வைத்தோம்.

தேசிய அணிக் கணக்கின் இரண்டு 23ஐயும் கூட்டி 46 என்று எழுதலாமே என்ற யோசனை வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. யாருக்கு விடுப்பு கிடைத்தது என்பதைப் பொறுத்து அணிகள் அமைந்த காலம் அது. எதிரணிக்கும் அதே கதிதான். அதற்காகப் போர்க்கால ஆட்டங்களை விட்டுவிடுவது இன்னும் மோசம். தனிப் பத்தி, தனிக் கூட்டல்.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். வரும் ஆண்டுக்கு இன்னொரு இங்கிலாந்து வீரர், டாம் ஃபின்னி. 1941 போர்க்காலக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரஸ்டனுக்கு ஆடியவர். ஆனால் அவருடைய முதல் லீக் ஆட்டம் 1946 ஆகஸ்ட் 31இல், 24 வயதில். எந்தப் பத்தியில் தொடங்குவது என்பதை இன்றே முடிவுசெய்ய வேண்டுகிறேன்.

செயலாளர்