வியாழக்கிழமை மூன்று மணிக்குள்: டொராண்டோவிலிருந்து தம்பிக்கு

டொராண்டோ,
பிப்ரவரி 3, 2019.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவிடம் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல். இங்கே பனி முழங்கால் அளவு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் ரயிலிலும் காபிக் கடை வரிசையிலும் பனியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிப்ரவரி 7, வியாழன் மதியம் மூன்று மணியோடு, அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள இந்த சீசனில் இருக்கும் டிரேட் கெடு முடிகிறது. உங்களுக்கு அது வெள்ளி அதிகாலை 1.30. எங்கள் ஊர் என்.பி.ஏ. கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் யாரைக் கொடுத்து யாரை வாங்கப் போகிறது என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. ஹாக்கி ஊர் என்று பெயர் எடுத்த இடம் இது. அரங்கில்கூட ஹாக்கிப் பனித்தளத்தை மூடி, அதன்மேல் மரப்பலகைகளைப் பூட்டித்தான் கூடைப்பந்து நடக்கிறது. இந்த வருடம் பலகைக்குத்தான் மவுசு.

ராப்டர்ஸுக்கு எதற்குப் புது சென்டர், அதாவது ரிங் அருகே ஆடும் உயரமான ஆள், என்று கேட்டிருந்தாய். விவரமாகவே எழுதுகிறேன், உன் ஆட்டத்துக்கும் உதவும்.

கிழக்குப் பிரிவில் மில்வாக்கிக்கு அடுத்து நாம்தான். நட்சத்திரம் கவாய் லெனார்ட் இருக்கிறார், ஆனால் ஜூலையில் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். அதனால் எல்லாமே இந்த வருடத்தில் முடிய வேண்டிய கணக்கு. நம் சென்டர் வாலன்சியூனஸ் டிசம்பர் 12 அன்று கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஆடும்போது கட்டைவிரல் விலகி வெளியே போனவர், இன்னும் வரவில்லை. அதுவரை இபாகாதான் சென்டர். ஃப்ரீ த்ரோ கோட்டருகிலிருந்து அவர் ஷாட் நன்றாக விழுகிறது, மூன்று புள்ளிதான் இந்த வருடம் கைகொடுக்கவில்லை.

ஒரே ஒரு ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார். பந்தைக் கொண்டுவரும் கார்டான லோரி வலப்பக்கம் வருகிறார், சென்டர் மேலே வந்து, லோரியைக் காப்பவரின் வழியை மறித்து ஸ்க்ரீன் வைக்கிறார். எதிரணி சென்டர் பின்வாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிற்கிறார். நம் சென்டர் ரிங்கை நோக்கி உருண்டால், அவரைக் காக்கும் ஆளும் கூடவே உள்ளே போவார். ரிங்குக்கு முன்னால் உள்ள பெயிண்டுக்குள் இரண்டு மலைகள். இடப்பக்கம் நிற்கும் லெனார்ட் உள்ளே நுழைய வழியில்லை. அதே சென்டர் ஸ்க்ரீன் வைத்துவிட்டு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே விலகினால் கதை வேறு. அங்கிருந்து ரிங்குக்கு 7.24 மீட்டர். பின்வாங்கி நின்றவர் மூன்று மீட்டர் ஓடி வந்து கை உயர்த்த வேண்டும். வந்தால் பெயிண்ட் காலி, வராவிட்டால் தடுக்க ஆளில்லாத ஷாட்.

இதில் சதவீதம் மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் இங்கே அதிகம். வாலன்சியூனஸ் போன சீசனில் மூன்று புள்ளியில் 40 சதவீதத்துக்கு மேல் போட்டார். ஆனால் சீசன் முழுவதும் முயன்றதே 74 தடவை. வாங்கி, இறக்கி, ஏற்றி, பிறகு விடும் மெதுவான கை. எதிரணி சென்டர் அவரை விட்டுவிட்டு பெயிண்டிலேயே நின்றார், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மில்வாக்கியில் புரூக் லோபஸைப் பார். முதல் எட்டு சீசன்களில் சேர்த்து மூன்றே மூன்று த்ரீ. 2016-17இல் ஒரே சீசனில் 134. இந்த வருடம் கோட்டிலிருந்தும் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, ஒரு ஆட்டத்துக்கு ஆறுக்கு மேல் விடுகிறார். அவர் தவறவிட்டாலும் எதிரணி சென்டர் வெளியே வந்துதான் ஆக வேண்டும், உள்ளே அவர்கள் நட்சத்திரம் யானிஸுக்கு ராஜபாட்டை. இத்தனைக்கும் அவருக்கு மில்வாக்கி கொடுத்த சம்பளம் சுமார் 34 லட்சம் டாலர்தான். போன கோடையில் அவரை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது பேச்சில் இருப்பவர்கள் மூவர். ஆந்தனி டேவிஸ் போன வாரம் நியூ ஆர்லியன்ஸை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டுவிட்டார். அவருக்கு நம் இளம் சியாகமில் தொடங்கி பாதி அணியைக் கொடுக்க வேண்டிவரும், அந்தப் பேச்சை விடு. ஒர்லாண்டோவின் வூசெவிச் வியாழக்கிழமைதான் முதல்முறையாக ஆல்-ஸ்டார் ஆனார். சம்பளம் 1.28 கோடி டாலருக்குள், வாலன்சியூனஸ் ஒருவரை அனுப்பினாலே கணக்கு சரியாகிவிடும். ஷாட் நல்ல ஷாட். ஆனால் ஒர்லாண்டோவே பிளே-ஆஃபுக்கு முட்டி மோதுகிறது, சும்மா விடாது. பிலடெல்பியாவின் எம்பீட் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் வூசெவிச் தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் மனது மெம்ஃபிஸின் மார்க் கசோல் மேல்தான். 34 வயது, 7 அடி 1 அங்குலம், 2013இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. முதல் எட்டு சீசன்களில் 12 த்ரீ மட்டுமே போட்டவர், 2016-17இல் 104 போட்டார். இந்த வருடம் 34 சதவீதம்தான், அதைச் சொல்லித்தான் பலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் கவனிக்காதது அவர் பாஸ். வெளியே பந்து கையில் இருக்கும்போது தன்னைக் காப்பவர் ஒரு அடி முன்னால் வந்தால் போதும், பின்பக்கம் வெட்டி ஓடுகிறவருக்குப் பந்து போய்விடும். எதிரணி ஒரு சின்ன ஆளை அவரைக் காக்க மாற்றிவிட்டால், ரிங் அருகே போஸ்டில் நின்று தண்டிப்பார்.

நஷ்டமும் உண்டு. சென்டர் வெளியே நின்றால், நாம் தவறவிட்ட ஷாட்டை நாமே எடுக்கும் ரீபவுண்ட் குறையும். வாலன்சியூனஸ் உள்ளே முட்டி எடுக்கும் இரண்டாவது வாய்ப்புகள் போய்விடும். கசோலின் கால் வேகமும் குறைந்துவிட்டது, வேகமான கார்டுகளுக்கு எதிரே கோட்டுவரை ஏறி வரச் சொன்னால் திணறுவார்.

கணக்கு எப்படி என்றால், அணியின் மொத்தச் சம்பளம் தாண்டினால் வரி கட்ட வேண்டிய வரம்பான 12.37 கோடி டாலரை நாம் தாண்டிவிட்டோம். அப்படிப்பட்ட அணி அனுப்பும் சம்பளத்தில் 125 சதவீதமும் அதற்கு மேல் ஒரு லட்சமும்தான் வாங்கலாம். கசோலுக்கு 2.41 கோடி. வாலன்சியூனஸின் 1.65 கோடியோடு டெலான் ரைட்டின் 25 லட்சத்தைச் சேர்த்தால் 2.39 கோடி வரைதான் வாங்க முடியும். மயிரிழையில் பற்றாது. சி.ஜே. மைல்ஸின் 83 லட்சம் சேர்ந்தால் தாராளம். அடுத்த வருடம் கசோல் 2.56 கோடியோடு தங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வாலன்சியூனஸும் மைல்ஸும் தங்கினால் மட்டும் 2.6 கோடி ஆகாதா?

புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் 2020இன் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுக்க முடியாது. 2019ஆம் ஆண்டுடையது லெனார்டுக்காக சான் அன்டோனியோவிடம் இருக்கிறது, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இல்லாமல் இருக்க விதி விடாது. அதனால் மெம்ஃபிஸ் இளம் ஆள் கேட்கும். ரைட்டைக் கொடுக்கலாம், வான்வ்லீட் இருக்கும்போது அவர் மூன்றாவது கார்டுதான். சியாகமையோ அனுனோபியையோ கேட்டால் போனை வைத்துவிட வேண்டும். மூவரைக் கொடுத்து ஒருவரை வாங்கினால் காலி இடங்களை இரண்டு வாரத்தில் நிரப்பியாக வேண்டும். மார்ச் 1க்குள் மற்ற அணிகள் கழற்றிவிடும் ஆட்கள் அதற்குக் கிடைப்பார்கள்.

இனி உன் விஷயம். இங்கே என்.பி.ஏ.வில் தடுக்கிறவர், யாரையும் காக்காமல் பெயிண்டில் மூன்று நொடிக்கு மேல் நின்றால் தப்பு. நீங்கள் ஆடும் சர்வதேச விதியில் அது கிடையாது, நாள் முழுக்க நிற்கலாம். ஆகவே உன்னைப் போன்ற உயரமான ஆள் வெளியே வந்து போடக் கற்றால் உங்கள் அணிக்கு இன்னும் பெரிய லாபம். கோடும் உங்களுக்கு 6.75 மீட்டர்தான். ஸ்க்ரீன் வைத்ததும் பந்து பக்கம் முகம் திருப்பியபடியே பின்னால் போ, முதுகைக் காட்டாதே. பந்து வரும்முன் முழங்கால் மடங்கியிருக்கட்டும். வாங்கிய பந்தை இடுப்புக்குக் கீழே இறக்காதே, அந்த இறக்கத்தில்தான் ஓடி வருகிறவன் எட்டிவிடுகிறான். நேர் மேலே, இரண்டு பக்கக் கோணங்கள் என மூன்று இடங்களில் போதும். தினம் நூறு, அதில் பாதியாவது ஸ்க்ரீன் வைத்து விலகிய பிறகு போட வேண்டும். நின்ற இடத்தில் வாங்கிப் போட்டுப் பழகினால் மேட்ச்சில் கால் சரியாக வராது. உன் கோச் போஸ்டை விட்டு வரக்கூடாது என்றால் சண்டை பிடிக்காதே, பயிற்சி முடிந்தபின் ஒரு கார்டை நிறுத்திப் பழகு.

கெடு முடிந்ததும் செய்தி அனுப்புகிறேன், தூங்காமல் உட்கார்ந்திருக்காதே, காலையில் பார்த்தால் போதும்.

அன்புடன்,
அக்கா