அப்பாவுக்கு, அடுப்படிச் சுவரைப் பற்றி

ஸ்கார்பரோ, டொரான்டோ
24 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே குளிர் வந்துவிட்டது. சாயங்காலம் நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

அடுப்படியில் நானே டைல்ஸ் ஒட்டினேன் என்று போனில் சொன்னதும் “நீயா?” என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. விவரமாக எழுதினால்தான் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. இங்கே ஆள் கூலி நமக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுக்காரர்களே கரண்டி பிடிப்பது இந்த ஊரில் சாதாரணம்.

மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவில் 18 அங்குலச் சுவர்தான். தாளிக்கிற எண்ணெய் தெறித்து மஞ்சள் பூத்துக் கிடந்தது. இந்தச் சுவரை நீங்கள் தட்டினால் முகம் சுளிப்பீர்கள். செங்கல்லே கிடையாது. 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் ஜிப்சம் பலகையைத் திருகியிருக்கிறார்கள். கொத்திவிடவோ கலவை அடிக்கவோ வழியில்லை. பெயிண்டின் பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு அதன்மேலேயே ஒட்ட வேண்டும்.

கல் என்று சொன்னாலும் இது கண்ணாடி. கட்டைவிரல் நக அளவுச் சில்லுகளை ஓரடிக்கு ஓரடி வலையில் ஒட்டித் தாள்போலத் தருகிறார்கள். குளத்துத் தண்ணீர்ப் பச்சை. உங்கள் மருமகள் தேர்ந்தெடுத்தது. கையில் வாங்கியதும் செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைக்கல்தான் ஞாபகம் வந்தது. அங்கே கண்ணாடிமேல் வண்ணச் சாந்தை ஊற்றி, இறுகியபின் கண்ணாடியை எடுத்துவிடுகிறோம். அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. இங்கே கண்ணாடியே சுவரில் நின்றுவிடுகிறது. அதனால் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் தெரியும்.

அதில்தான் தவறினேன். சாம்பல் பசை நிறத்தைக் கெடுக்கும் என்று தெரிந்து வெள்ளைப் பசைதான் வாங்கினேன். பல் வைத்த கரண்டியால் இழுத்து, இரண்டு தாள் ஒட்டிவிட்டு விளக்கைப் போட்டால், ஏர் ஓட்டிய வயல்போலக் கோடு கோடாகத் தெரிகிறது! பசை இறுகுவதற்குள் உரித்தெடுத்து, சில்லு சில்லாகக் கழுவினேன். அப்புறம் பல்லால் இழுத்த கையோடு கரண்டியின் தட்டைப் பக்கத்தால் கோடுகளை அமர்த்திவிட்டு ஒட்டினேன். நீங்கள் பூச்சு வேலையில் கடைசி இழுப்புக்கு மணிக்கட்டைச் சாய்ப்பீர்களே, அந்தச் சாய்வு எனக்கு வந்தது அப்பா. யாரும் சொல்லித்தரவில்லை. சின்ன வயதில் உங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தபடி பார்த்தது.

ஸ்விட்ச் பெட்டிகளைச் சுற்றி ஒட்டும்போது மெயினில் அந்தப் பக்கத்துக் கரண்டை நிறுத்திவிட்டு, பேட்டரி விளக்கில் வேலை செய்தேன். வெட்டுவதற்குத் தண்ணீர் சொட்டும் வைரப்பல் மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். மெதுவாகத் தள்ளினால் ஓரம் சிதறுவதில்லை.

கல்லை முந்தின ராத்திரியே ஊறப்போடு என்பீர்கள். கண்ணாடி தண்ணீர் குடிக்காதாம். பசையின் ஈரம் சீக்கிரம் போகாது என்று இரண்டு நாள் விட்டுத்தான் சந்து அடைத்தேன். அதற்கும் மணல் கலக்காத கிரவுட் சாந்துதான், மணல் இருந்தால் கண்ணாடியில் கீறல் விழும். ரப்பர் பலகையைக் குறுக்காக இழுத்து, ஸ்பாஞ்சால் துடைத்து, மறுபடி வெள்ளை பூத்ததும் உலர்ந்த துணியால் தேய்த்தேன். மேடையோடு சேரும் இடத்தில் மட்டும் கிரவுட் இல்லை, ரப்பர்போல வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசை. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் மரம் சுருங்கும், கோடையில் உப்பும். கிரவுட் அடைத்திருந்தால் வெடித்துவிடும்.

ஒன்று உங்களிடம் கேட்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது மேடை ஜன்னல் பக்கம் கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. நான் சுவரில் மட்டக்கோடு போட்டு அதிலிருந்து ஏறினேன். கீழ் வரிசையைச் சாய்வாக வெட்டி நிரப்பியிருக்கிறேன். நீங்களாக இருந்தால் அந்த வித்தியாசத்தை மேல் அலமாரிக்கு அடியில் ஒதுக்கியிருப்பீர்களா? போட்டோவைப் பார்த்து எழுதுங்கள். அடுத்தது குளியலறை.

மீந்த சில்லில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். முற்றத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், இங்கே ராத்திரி விளக்கில் தெரிவதைவிட நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மகன்