குலவைக்குத் தாங்காத ஆம்ப்ளிஃபயர்

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரே ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர் வைத்து, மைக்கின் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் பிரீ-ஆம்ப் செய்யும் சர்க்யூட் படம் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துச் செய்த பிளஸ் டூ பையன் ஒருவன், முளைப்பாரி முடிந்த மறுநாள் போர்டும் கையுமாக செல்லூரில் என் கடை வாசலில் நின்றான். கும்மிப் பாட்டு வரை நன்றாகத்தான் கேட்டதாம். பெண்கள் மைக்கை நெருங்கிக் குலவை போட்டதும் குழாய் ஸ்பீக்கர் தகரத்தைக் கிழித்த மாதிரி கத்தியிருக்கிறது. ஊரில் எல்லோரும் திட்டியது ஸ்பீக்கரை.

ஸ்பீக்கர் என்ன செய்யும், பாவம்! உங்கள் படத்தில் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஒன்றான எமிட்டரில் இருக்கும் 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டருக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் கண்டன்சரை நேராகப் போட்டிருக்கிறீர்கள். சிக்னல் கண்டன்சர் வழியாகவே போய்விடுவதால், பாட்டுச் சத்தத்துக்கு அந்த 1 கே இல்லாத மாதிரிதான். 1 மில்லி ஆம்பியர் ஓடும்போது டிரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கும் 26 ஓம் மட்டும் மிஞ்சும். சிக்னல் வெளியே வரும் காலான கலெக்டரில் 4.7 கே. வகுத்துப் பாருங்கள், கெயின் (சிக்னல் பெருகும் மடங்கு) 180! குலவைக்கு மைக்கிலிருந்து 30 மில்லிவோல்ட் வந்தால், கலெக்டர் இரண்டு பக்கமும் 5 வோல்ட்டுக்கு மேல் ஆட வேண்டும். 12 வோல்ட் சப்ளையில் 4.7 கே ரெசிஸ்டரில் 4.7 வோல்ட் போக அது நிற்பது 7.3-ல், மேலே ஏற 4.7தான் இடம். சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் என் பழைய ஸ்கோப்பில் அலையின் மேல்பக்கம் சப்பையாகவும், அடிப்பக்கம் அரிவாளால் சீவிய மாதிரியும் தெரிந்தது.

கண்டன்சரையே எடுத்துவிட்டால் சத்தம் சுத்தமாக இருக்கும், ஆனால் கெயின் ஐந்துகூட வராது. நான் கண்டன்சரோடு சீரியலாக 100 ஓம் ஒன்றைச் சேர்த்தேன். கெயின் 40-க்கு இறங்கியது. மைக்குக்கு அது போதும். ஏ.சி.128 என்ற பழைய டிரான்சிஸ்டர் காலத்திலிருந்து சாலிடரிங் அயர்ன் பிடிக்கிறவன் சொல்கிறேன்.

கலெக்டரிலிருந்து நேரே, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கு ஒயர் இழுத்ததும் தப்பு. பையனிடம் இருந்த பவர் ஆம்ப் போர்டின் இன்புட் 10 கே. கெயினில் மூன்றில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். இன்னொரு பி.சி.547-ன் பேஸை (சிக்னல் உள்ளே போகும் காலை) முதல் கலெக்டரிலேயே ஒட்டி, அதன் எமிட்டரில் 3.3 கே போட்டு அங்கிருந்து எடுத்தேன். இந்த எமிட்டர் ஃபாலோயர் கெயின் தராது, சுமையை மட்டும் தான் வாங்கிக்கொள்ளும். டவுன்ஹால் ரோட்டில் இத்தனையும் ஒரு டீ விலைக்குள் முடிந்துவிடும்.

திருத்திய படத்தை அடுத்த ஞாயிறு போடுங்கள். பையனின் போர்டு இன்னும் என் பெஞ்சில்தான் இருக்கிறது. ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

மைக்செட் மெக்கானிக்,
செல்லூர், மதுரை.