ரேம் வாங்குமுன்: வின்பக்ஸ் மெமரி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்தேன். கூடுதல் ரேம் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய், கொஞ்சம் பொறு. மெமரி தீர்வது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளிலா, பேய்ஸியன் மாடல்களை ஓட்டும் வின்பக்ஸிலா என்பது தெரியாமல் காசைச் செலவழிக்காதே.

இரண்டையும் இணைக்கும் ஆர்டூவின்பக்ஸ் பேக்கேஜ் வழியாக ஓட்டும்போது இரண்டும் தனித்தனி புரோகிராம்கள். நடுவில் டெக்ஸ்ட் ஃபைல்கள்தான் போய்வருகின்றன. வின்பக்ஸ் 32-பிட், எவ்வளவு ரேம் இருந்தாலும் அதற்கு விண்டோஸ் வழக்கமாகக் கொடுப்பது 2 ஜிபி. ஆகவே அங்கே தீர்ந்தால் புது ரேம் உதவாது. மாடலை ஓட்டும் பக்ஸ் ஃபங்ஷனில் டீபக் = ட்ரூ என்று வைத்து ஓட்டு. வின்பக்ஸ் ஜன்னல் மூடாமல் நிற்கும், லாகை (ஓட்டத்தின் பதிவை) படிக்கலாம். கோடா ஃபைல்கள் (வின்பக்ஸ் தன் சாம்பிள்களை எழுதித்தரும் ஃபைல்கள்) எழுதப்படுமுன்பே டிராப் (வின்பக்ஸ் பிழையோடு நிற்பது) வந்தால் கோளாறு வின்பக்ஸ் பக்கம். அதிலும் 'அன்டிஃபைன்ட் ரியல் ரிசல்ட்' என்று வந்தால் அது மெமரியே அல்ல, எண் எல்லை மீறல். தொடக்க மதிப்புகளையும் அகலமான பிரையரையும் (டேட்டாவைப் பார்க்குமுன் பாராமீட்டருக்கு வைக்கும் பரவலை) பார். ஃபைல்கள் எழுதி முடிந்தபின் 'கேனாட் அலோகேட் வெக்டர்' வந்தால் ஆர் பக்கம்.

உன்னுடையது இந்த இரண்டாவது வகை என்றே படுகிறது. கணக்கைப் பார்: 50,000 இட்டரேஷன் (சுற்று), பர்ன்-இன் (தொடக்கத்தில் தள்ளிவிடும் சுற்றுகள்) 10,000, தின் (எத்தனை சுற்றுக்கு ஒன்றை வைப்பது) 1, செயின் (தனித்தனி ஓட்டம்) 3. மிஞ்சுவது 1,20,000 வரிசை. உன் மாடலின் தீட்டா என்ற பாராமீட்டரில் 800 உறுப்பு. ஆக 9.6 கோடி எண்கள், ஒன்றுக்கு 8 பைட், மொத்தம் 76.8 கோடி பைட். உன் பிழைச்செய்தியில் இருந்த 732.4 எம்பி இதுவேதான். ஆர் 1024-ஆல் இருமுறை வகுத்துச் சொல்கிறது. இதோடு முடிந்தால் பரவாயில்லை. பக்ஸ் ஃபங்ஷன் அதே சாம்பிள்களை சிம்ஸ்.அரே, சிம்ஸ்.லிஸ்ட், சிம்ஸ்.மேட்ரிக்ஸ் என்று மூன்று வடிவில் வைக்கிறது. 2.3 ஜிபி போயிற்று, இடையில் உருவாகும் தற்காலிகப் பிரதிகள் தனி. ஒவ்வொரு கோடா ஃபைலிலும் 3.2 கோடி வரி இருப்பதையும் நினைத்துக்கொள்.

தின்னை 40 ஆக்கினால் 3,000 வரிசை மிஞ்சும். ஒரு பிரதி 20 எம்பிகூட வராது. தின்னிங் செய்தால் தகவல் வீணாகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒட்டியே நகரும் செயினில் இழப்பது சொற்பம். அதைவிட முக்கியம், தீட்டா 800-ம் உனக்கு எதற்கு? எவற்றைச் சேமிப்பது என்று சொல்லும் பாராமீட்டர்ஸ்.டு.சேவில் அறிக்கைக்கு வேண்டியதை மட்டும் வை. மியூ போன்ற இடைக்கணக்குகள் வேண்டவே வேண்டாம்.

முழு சாம்பிளும் வேண்டும் என்றால் துண்டாக ஓட்டு. லாஸ்ட்.வேல்யூஸை (ஓட்டம் முடிந்த கடைசி மதிப்புகளை) அடுத்த துண்டுக்குத் தொடக்க மதிப்பாகக் கொடு, பர்ன்-இன் சிறிதாகப் போதும். ஒவ்வொரு துண்டையும் சேவ்ஆர்டிஎஸ்ஸால் ஃபைலில் எழுதி, ஆப்ஜெக்டை ஆர்எம் செய்து நீக்கி, மெமரியை விடுவிக்க ஜிசி கொடு. சேமித்த பாராமீட்டர்கள் மட்டுமே லாஸ்ட்.வேல்யூஸில் இருக்கும் என்பதைக் கவனி. லாஜிக்கல் நோடுகளை (மாடலில் பிற மதிப்புகளிலிருந்து நேரே கணக்கிடப்படும் மாறிகளை) அதிலிருந்து நீக்காவிட்டால் வின்பக்ஸ் ஏற்காது.

கம்பைல் செய்யும்போதே வின்பக்ஸ் படுத்துவிட்டால் தின்னிங் உதவாது. அங்கே சுமை மாடலின் நோடுகள். சென்டரிங் (சராசரியைக் கழிப்பது), லாகரிதம் எடுப்பதையெல்லாம் ஆரிலேயே முடித்து டேட்டாவாக அனுப்பு. ஒரே கோவேரியட் (விளக்க மாறி) மதிப்புள்ள 0/1 வரிகளைக் கூட்டி பைனாமியலாக மாற்றினால் ஆயிரக்கணக்கான நோடுகள் சில நூறாகச் சுருங்கும். மதிப்பீடு மாறாது, டிஐசி (மாடல்களை ஒப்பிடும் அளவு) எண் மட்டும் மாறும், பழைய ஓட்டத்தோடு அதை ஒப்பிடாதே.

மெமரி.லிமிட்டை (ஆரின் மெமரி வரம்பை மாற்றிய பழைய கட்டளை) ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிடு. ஆர் 4.2 முதல் அது வெறும் எச்சரிக்கைதான் தரும்.

வின்பக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜேக்ஸுக்கு மாறலாமா என்று கேட்டாய். 64-பிட் என்பதால் 2 ஜிபி தடை இல்லை. ஆனால் ஆர்ஜேக்ஸ் பேக்கேஜில் அது ஆருக்கு உள்ளேயே ஓடுகிறது, மெமரியும் பொது. சராசரி மட்டும் போதும் என்ற பாராமீட்டர்களுக்கு ஜேக்ஸ்.சாம்பிள்ஸில் டைப்பை 'மீன்' என்று கொடு. சாம்பிள்களைச் சேர்த்து வைக்காது. உன் மாடலில் மதிப்பின் எல்லையைக் குறிக்க ஐ(,) போட்ட இடங்களை ஜேக்ஸ் பொதுவாக ஏற்காது. டிரங்கேஷன் (பரவலையே எல்லைக்குள் வெட்டுவது) என்றால் டி(,), சென்சாரிங் (மதிப்பு எந்த எல்லைக்குள் என்பது மட்டும் தெரிவது) என்றால் டிஇன்டர்வல். எது எங்கே என்று பார்த்து மாற்று. டிஃப்ளாட்டும் (எல்லையில்லாத சமப் பரவல்) கிடையாது, அகலமான டிநார்ம் (நார்மல் பரவல்) போட்டுக்கொள்.

டீபக் ஓட்டத்தின் லாகை அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்