பெட்டரி பழுதில்லை, லைட்டைத்தான் அணைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ஒரு விடியற்காலை, மணி நாலரை இருக்கும், அம்மாவை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப் போகலாமென்று பைக்கின் மேல் போட்டிருந்த படங்கை இழுத்துவிட்டு செல்ஃப் பட்டனை அமுக்குகிறேன், 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும்தான் வருகிறது, மீட்டரில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் அமுக்க அமுக்க மங்கிப் போகிறது. அம்மா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கிளினிக் கொப்பியை பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்தபடி லயத்து வாசலில் நிற்கிறார். நேரத்துக்குப் போய் நம்பர் எடுக்காவிட்டால் பகல் முழுக்க அங்கேதான். பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் கோயில் இறக்கம் வரை இரண்டாம் கியரில் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. என்னுடையது இன்ஜெக்‌ஷன் பைக், கிக்கும் கிடையாது. எஞ்சினுக்குப் பெற்றோலை அனுப்புவது கரண்டில் ஓடும் பம்ப், பெட்டரியில் உயிர் இல்லாவிட்டால் அது சுற்றாது, எவ்வளவு தள்ளினாலும் வீண். கடைசியில் திரீவீல் பிடித்துத்தான் போனோம்.

காரணம் என்னவென்று வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால், மூடுபனிக்கென்று கூடுதலாகப் பூட்டிய மிஸ்ட் லைட்டுக்கு ஹேண்டிலில் தனியாக வைத்த சுவிட்ச் போட்டபடியே கிடக்கிறது. முதல் நாள் பின்னேரம் பனிமூட்டத்தில் வந்து, மழையில் ஓடி, சுவர்ப் பக்கம் முகம் வைத்து நிறுத்தி, படங்கை மூடிவிட்டு உள்ளே போனவன் நான். சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும் என்று நினைத்தேன். அந்த லைட்டைப் பூட்டிய கராஜில் வயரை நேராக பெட்டரியிலிருந்தே இழுத்திருக்கிறார்கள், சாவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கராஜில் காட்டினால் "பெட்டரி செத்துவிட்டது, புதுசு போடுங்கள்" என்றார்கள். நான் போடவில்லை. சின்ன சார்ஜரில் ஒரு ராத்திரி முழுக்க விட்டேன், இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது. நம் பக்கத்தில் எத்தனை பேர் இப்படி நல்ல பெட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சம்பளத்தில் பெரிய பங்கைப் புதுசுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

கணக்கு மிகச் சின்னது. சாதாரண பைக்கில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 5 அம்பியர் மணி அளவுள்ள பெட்டரி, அதாவது ஒரு அம்பியர் கரண்டை ஐந்து மணி நேரம் கொடுக்கும் அளவு. 10 வாட் மிஸ்ட் லைட் இரண்டு எரிந்தால் 1.7 அம்பியர் கரண்ட் போகும், மூன்று மணி நேரத்தில் அடி தெரியும். செல்ஃப் அடிக்க நிறைய கரண்ட் வேண்டும் என்பதால் அதற்கு முன்னமே பைக் கை விரித்துவிடும். பார்க்கிங் பல்ப் 5 வாட், பின் லைட் 5 வாட் என்றாலும் இரவு ஏழிலிருந்து காலை ஐந்து வரை விட்டால் 8 அம்பியர் மணி, இருப்பதே 5. நுவரெலியா, நானுஓயா மாதிரிக் குளிரான இடங்களில் பெட்டரியின் பலம் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும்.

மிஸ்ட் லைட் பூட்டாதவர்களுக்கும் சொல்கிறேன். பல ஜப்பான் பைக்குகளில் ஹேண்டில் லொக்கைத் தாண்டி சாவியை இன்னொரு படி திருப்பினால் 'பி' என்ற எழுத்து இருக்கும், அது பார்க்கிங் லைட். அந்த இடத்திலும் சாவி கழன்று வரும், ஆனால் பின் லைட் எரிந்துகொண்டே இருக்கும். விறைத்த கையால் அவசரமாகத் திருப்புகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அப்புறம் சிவப்பு சுவிட்சால் எஞ்சினை நிறுத்திவிட்டு சாவியை ஓனில் விட்டுப் போவது. மழைக்கோட்டோடு கடைக்குள் ஓடுகிறவர்களில் பாதிப்பேர் இதைச் செய்கிறார்கள். சுவிட்ச் எஞ்சினை மட்டும்தான் நிறுத்தும், லைட்டை இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் பழகிய பழக்கம், இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டி வருவது. ஹட்டன் ரோட்டில் இருட்டின பிறகும் பார்க்கிறேன். எஞ்சின் சுற்றாவிட்டால் சார்ஜ் ஏறாது, லைட் முழுக்க பெட்டரியைத்தான் தின்னும். அதைவிட, எஞ்சின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி நம் வளைவுகளில் இறங்குவது உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து விடுங்கள்.

கராஜ் நடத்தும் அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள். மிஸ்ட் லைட் பூட்டும்போது நாலு கால் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்றையும், 5 அம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள். ரிலேக்குக் கொடுக்கும் சின்ன வயரை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து எடுத்தால் போதும், சாவியை எடுத்ததும் லைட் தானாக அணையும். அரை மணி நேர வேலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பல வருடம் பழைய பைக்குகளையே ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறோம், ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு வயர் கூடியிருக்கிறது. சர்வீஸுக்கு வரும்போது அதையும் ஒரு தடவை பாருங்கள்.

ஓட்டுகிறவர்கள் நிறுத்திவிட்டு நாலு அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பாருங்கள். பகலில் மூடுபனி விலகி வெயில் வந்துவிட்டால் லைட் எரிவது கண்ணுக்குத் தெரியாது, அதனால் முன் லைட்டின் மேல் உள்ளங்கையைக் குவித்து வைத்துப் பார்க்க வேண்டும், பின் லைட்டின் சிவப்பு பின்னாலிருக்கும் சுவரில் விழுகிறதா என்றும் பாருங்கள். நான் இப்போது படங்கு போடுமுன் இதைச் செய்கிறேன். ஏற்கெனவே இறங்கிப் போயிருந்தால் நாள்கணக்கில் அப்படியே விடாதீர்கள், உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகி உண்மையிலேயே பெட்டரி கெட்டுவிடும். 5 அம்பியர் மணி பெட்டரிக்கு அரை அம்பியரில் மெதுவாக ஏற்றுங்கள், லொறி பெட்டரி ஏற்றும் பெரிய சார்ஜரில் போடவே வேண்டாம். ஏற்றி, சில மணி நேரம் வைத்த பிறகு மீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் கிட்ட நின்று, செல்ஃபும் ஒழுங்காக அடித்தால் அது பெரும்பாலும் நல்ல பெட்டரிதான், மாற்றச் சொன்னாலும் உடனே மாற்றாதீர்கள்.

தோட்டப் பாடசாலை, ஃபெக்டரி, ரயில் ஸ்டேசன் என்று பைக் வரிசையாக நிற்கும் இடங்களில் காவல் இருப்பவர்கள் எரிகிற லைட்டைக் கண்டால் சொந்தக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னால் பெரிய உதவி. ஆனி, ஆடி மழை தொடங்குமுன் இதைப் பிரசுரித்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டகலை.