நின்றதும் ஒரு முடிவுதான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம். கூப்பிடும்போதெல்லாம் "பிராக்டிஸ்ப்பா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அம்மா கட்டோடு உட்கார்ந்திருந்த அன்றாவது நீயாகக் கூப்பிட்டிருக்கலாம். சரி, விடு. நேரத்துக்குத் தூங்கு.

அண்ணன் அந்த ஃபுட்பால் ஃபைனலின் வீடியோவை அனுப்பினான். நீ கோல் கீப்பராக நின்ற கடைசி பெனால்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "மரம் மாதிரி நின்னுட்டா" என்று யாரோ எழுதியதையும் படித்தேன். வயிறு எரிந்தது. நான் எதுவும் கேட்கப் போவதில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பெனால்டி அடிக்க ஓடிவரும் அந்தப் பெண் கடைசி இரண்டு அடியில் வேகத்தைக் குறைக்கிறாள். அவள் கண் பந்தின் மேல் இல்லை, உன் இடுப்பின் மேல் இருக்கிறது. நீ எந்தப் பக்கம் சாய்கிறாயோ அதற்கு எதிர்ப்பக்கம் தட்டிவிடக் காத்திருக்கிறாள். நீ சாயவில்லை. அவள் கால் ஒரு கணம் தயங்குவது நன்றாகத் தெரிகிறது. வேறு வழியில்லாமல் மூலைக்கு அடித்தாள், பந்து கம்பத்தை உரசி உள்ளே போனது. அந்த இடத்துக்குப் போன பந்து, சரியான பக்கம் பாய்ந்தவருக்கே எட்டுவது கஷ்டம். அவளை அத்தனை குறுகிய இடத்துக்குத் தள்ளியது நீ நின்ற நிலைதான்.

பந்துக்கும் கோலுக்கும் பதினோரு மீட்டர் தூரம், கோல் 7.32 மீட்டர் அகலம். நன்றாக அடித்த பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். பந்து கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தால் மூலை கைக்கு எட்டாது. முந்திக்கொண்டு பாய்ந்தாலோ அடிப்பவருக்கு விடையை நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஓடிவரும்போது ஏமாற்ற அவர்களுக்கு விதி இடம் கொடுக்கிறது. ஓட்டம் முடிந்த பிறகு ஏமாற்றினால்தான் தவறு. கீப்பர் மட்டும், பந்தை உதைக்கும் நொடி வரை ஒரு காலையாவது கோல் கோட்டிலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? உன்னைப் பேசுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்து 2007-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 28.7 சதவீதப் பந்துகள் நடுவில் வந்திருக்கின்றன. கீப்பர்கள் நடுவில் நின்றதோ வெறும் 6.3 சதவீதம். நின்றவர்கள் மூன்றில் ஒன்றைத் தடுத்திருக்கிறார்கள். பாய்ந்தவர்களுக்கு ஏழில் ஒன்று தேறுவதே பெரிய காரியம். பிறகு ஏன் எல்லாரும் பாய்கிறார்கள்? பாய்ந்து கோல் விட்டால் "முயற்சி செய்தான்" என்பார்கள், நின்று கோல் விட்டால் சும்மா நின்றான் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே கால் கிளம்பிவிடுகிறது. 1976-இல் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை ஃபைனலில் செக்கோஸ்லோவாகியாவின் பனென்கா பந்தை மெதுவாக நடுவில் தூக்கிப்போட்டு ஜெயித்தது இதை நம்பித்தான். மேற்கு ஜெர்மனியின் செப் மையர் மாதிரி ஒரு கீப்பரே பக்கவாட்டில் விழுந்துவிட்டார்.

ஒவ்வொரு முறையும் நில் என்று சொல்லவில்லை. எப்போதும் நிற்பவள் என்று தெரிந்தால் எல்லாரும் மூலைக்கே அடிப்பார்கள். உன் அடுத்த அசைவு அவர்களுக்குப் பிடிபடக் கூடாது, அவ்வளவுதான். நீ அப்படித்தான் ஆடினாய். இரண்டு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடித்த அதே ஷூட்அவுட்டில் மூன்றாவது பந்துக்கு இடது பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையால் தட்டிவிட்டாயே, அதை யாராவது பேசினார்களா? அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாள். எனக்கும் அந்த இடம் வரும்போது நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

2006 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஜெர்மனியின் கீப்பர் லேமன் காலுறைக்குள் வைத்திருந்த துண்டுச்சீட்டு ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று அதில் எழுதியிருந்தது. கடைசியாக வந்த கம்பியாசோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் லேமன் சீட்டை எடுத்து, நிதானமாகப் படித்து, மடித்து வைத்தார். பிறகு அந்தப் பந்தைத் தடுத்தார். அடிக்க வருகிறவர் மனதில் சந்தேகத்தைக் கிளப்ப கீப்பருக்கும் வழி உண்டு. நீ அசையாமல் நின்றபோது அந்தப் பெண்ணின் காலில் தெரிந்த தயக்கமும் அப்படி வந்ததுதான்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னான். உன் கையுறைகளை ஜூனியர் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாயாம். பழசாகிவிட்டது என்று கொடுத்திருப்பாய். அப்படித்தான் நானும் அவனிடம் சொன்னேன். கோச்சிடம் நீ ஏதோ பேசியதாகவும் சொன்னான், நான் மேற்கொண்டு கேட்டுக்கொள்ளவில்லை. எந்த முடிவாக இருந்தாலும் உன்னுடையது. ஆனால் மற்றவர் வாய்க்குப் பயந்து எடுக்காதே. கோலில் நிற்கும்போது நீ அப்படி எடுத்தவள் இல்லை. தூக்கம் கெட்ட நேரத்திலும் எதையும் முடிவு செய்யாதே. இரவில் சீக்கிரம் படு.

புதுக் கையுறை வாங்கி அனுப்பலாம் என்றிருக்கிறேன். பழைய அளவே போதுமா, ஒன்று பெரிதாக வேண்டுமா என்று எழுது. ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். அம்மா முதலில் பேசுவாள், எடு.

அன்புடன்,
அப்பா