எல்லாம் சுனாமிப் பயம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில், "திடீரெனப் படபடத்து வியர்க்கும் பெண்கள் கலங்கத் தேவையில்லை, எல்லாம் மனப்பதற்றமே" என்று பதில் எழுதிய டொக்டர் ஐயாவுக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். இதையேதான் என் தங்கச்சிக்கும் பலர் சொன்னார்கள், காசும் வாங்கிக்கொண்டு.

2004இல் மட்டக்களப்பு கல்லடியில் கடல் வந்ததைக் கண்டவள் அவள். அது போதுமே! தலை பிளக்கும், முகம் வெளிறும், சட்டையைப் பிழியலாம்போல் வியர்க்கும், நெஞ்சு அடிக்கும். அரை மணியில் எழும்பிவிடுவாள். கிளினிக்கில் எங்கள் நம்பர் வரும்போது பிரசர் சரியாக இருக்கும். "சுனாமிப் பயம் இன்னும் போகல்ல" என்பார்கள். முன்பு யுத்த காலத்தில் செல்லடிப் பயம். மட்டக்களப்பாருக்கு வேறு வருத்தமே வரக்கூடாதா? ஆம்பிளை நெஞ்சைப் பிடித்தால் ஈ.சி.ஜி., பொம்பிளைக்குப் புத்திமதி.

பதற்றத்துக்கென்று தந்த புரோப்பிரனலோல் குளிசையைப் போட்ட அன்றுதான் நிலைமை மோசமாகி, 1990 என்ற நம்பருக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டொக்டர் பிள்ளை, அவள் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே பிரசரைக் கட்டிப் பார்த்தா. 230க்கு 130. "இது இடைக்கிடை வந்து போறதா அக்கா?" என்று அந்தப் பிள்ளை மட்டும்தான் கேட்டா.

சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் பியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி. பிரசரை ஏற்றும் அதிரினலினை நினைத்த நேரம் இரத்தத்தில் கொட்டுமாம். அல்பா தடுப்பு மருந்தால் முதலில் இரத்தக்குழாய்களைத் தளர்த்தாமல் பீற்றா தடுப்பை, அதாவது அந்தக் குளிசையை, மட்டும் கொடுத்தால் பிரசர் இன்னும் ஏறும். அபூர்வமான நோய்தான். ஆனாலும் உங்களுக்கும் உங்கள் டொக்டருக்கும் தெரியாததா?

பரிசோதனைக்கு 24 மணி நேரச் சிறுநீரைப் போத்தலில் சேர்த்து, மச்சான் உதயதேவி ரயிலில் காலுக்கிடையில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனார். அதைப்பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு உங்களிடம் இடமில்லை. ராசிபலனுக்கு இருந்தது. கட்டியை எடுத்தாயிற்று, தங்கச்சி இப்போது மீன்காரனோடு விலை பேசிச் சண்டை பிடிக்கிறாள்.

தலையிடி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வந்தால், வரும் நேரத்திலேயே பிரசரைப் பார்த்து எழுதிவைத்து டொக்டரிடம் காட்டுங்கள் என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கல்லடி.